சயாம் ரயில்பாதையில் ஒரு அறுவை மருத்துவர்: 'வியரி' டன்லப் உண்மையில் செய்தது என்ன?

ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 25 அன்று, போர்வீரர்களை நினைவுகூரும் ஆஸ்திரேலியாவின் அன்சாக் நாளில், ஒரு மருத்துவரின் பெயர் தவறாமல் அடிபடும்: சர் எட்வர்ட் டன்லப். மெல்பர்னில் அவருக்குச் சிலை உண்டு. கான்பராவில் ஒரு புறநகருக்கே அவர் பெயர். 1995-இல் வந்த 50 சென்ட் நாணயத்தில் அவர் முகம் இருக்கிறது. இத்தனைக்கும் அவர் எந்தப் போரையும் நடத்தி வென்றவர் அல்ல, எந்த நோய்க்கும் புது மருந்து கண்டவரும் அல்ல. இரண்டாம் உலகப் போரில் பாதிக்கு மேல் ஜப்பானியரிடம் கைதியாக இருந்தவர்.

அவர் கைதியாக இருந்த இடம் தமிழர்களுக்கும் தெரிந்த இடம்தான். தாய்லாந்தையும் (அன்றைய சயாம்) பர்மாவையும் இணைத்த, நம்மில் பலர் 'சயாம் மரண ரயில்' என்று சொல்லிக் கேட்டிருக்கும் அதே பாதை. மலாயாத் தோட்டங்களிலிருந்து போன உறவினர்கள் அங்கே மாண்ட கதை பல குடும்பங்களில் உண்டு. அதனால் ஆஸ்திரேலியர்கள் இந்த மருத்துவரைக் கொண்டாடும்போது நமக்கு ஒரு குழப்பம் வருவது இயல்பு. மருந்தும் கருவியும் இல்லாத காட்டு முகாமில் ஓர் அறுவை மருத்துவரால் என்ன செய்திருக்க முடியும்?

'நிறைய அறுவைச் சிகிச்சை செய்து உயிர்களைக் காப்பாற்றினார்' என்பது வழக்கமாகச் சொல்லப்படும் பதில். உண்மைதான், ஆனால் அது பாதிக் கதை. கழிப்பிடம், அடுப்படி, பணம், வேலைப் பட்டியல் ஆகிய நான்கையும் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டதுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பது என் கணிப்பு. அது புரிய, ராணுவ மருத்துவர் என்பவர் யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ராணுவ மருத்துவர்: இரண்டு பதவி, ஒரே ஆள்

ராணுவ மருத்துவர் மருத்துவர் மட்டும் அல்ல. அவர் பதவிநிலை உள்ள ஓர் அதிகாரி. கேப்டன், மேஜர், லெப்டினென்ட் கர்னல் என்று படிப்படியாக உயர்பவர். அவருக்குக் கீழே ஆட்கள் உண்டு, அவர் கட்டளைக்கு மதிப்பும் உண்டு. சாதாரண மருத்துவமனையில் 'தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள்' என்பது அறிவுரை. ராணுவத்தில் அதே வாக்கியம் உத்தரவு, மீறினால் தண்டனை.

அக்காலப் போர்க்கள மருத்துவம் ஒரு சங்கிலிபோல அமைந்திருந்தது:

1. சண்டை நடக்கும் இடத்துக்கு அருகே முதலுதவி நிலையம். ரத்தப்போக்கை நிறுத்துவது, கட்டுப் போடுவது இங்கே.
2. சற்றுப் பின்னால் காயமடைந்தோர் சிகிச்சை நிலையம். உடனே அறுக்க வேண்டியவர் யார், காத்திருக்கக்கூடியவர் யார் என்று பிரித்து, அவசர அறுவையும் செய்யும் இடம். டன்லப் பணியாற்றிய ஆஸ்திரேலியப் பிரிவு இந்த வகையைச் சேர்ந்தது.
3. இன்னும் பின்னால், பாதுகாப்பான ஊரில், பொது மருத்துவமனை.

சட்டப் பக்கம் ஒன்றும் இருக்கிறது. ஜெனீவா ஒப்பந்தங்களின்படி மருத்துவப் பணியாளர்கள் பாதுகாக்கப்பட்டவர்கள். எதிரியிடம் பிடிபட்டாலும் நோயாளிகளைக் கவனிக்க விட வேண்டும். போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்ற 1929-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் ஜப்பான் கையெழுத்திட்டிருந்தது, ஆனால் அதை உறுதிப்படுத்தவில்லை. போர் தொடங்கியபின், 'தேவையான மாற்றங்களோடு கடைப்பிடிப்போம்' என்று மட்டும் சொன்னது. அந்த மாற்றங்கள் எவ்வளவு பெரியவை என்பது முகாம்களில் தெரியவந்தது.

பெனல்லாவிலிருந்து ஜாவா வரை

எட்வர்ட் டன்லப் 1907 ஜூலை 12 அன்று விக்டோரியா மாநிலத்தின் வாங்கரட்டாவில் பிறந்தார். பெனல்லா பக்கத்து விவசாயக் குடும்பம். முதலில் மருந்தாளுநர் படிப்பு. அப்புறம்தான் உதவித்தொகையில் மெல்பர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம், 1934-இல் பட்டம். ஆள் நல்ல உயரம், குத்துச்சண்டைக்காரர், ரக்பியில் ஆஸ்திரேலியத் தேசிய அணிக்கே ஆடியவர். டன்லப் டயர் கம்பெனியை வைத்து மாணவர்கள் செய்த கேலியில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர்தான் 'வியரி': ஆங்கிலத்தில் 'டயர்டு' என்றாலும் 'வியரி' என்றாலும் களைத்தவர் என்று பொருள். மருந்தாளுநர் படிப்பு இந்தக் கதையில் சின்ன விவரமாகத் தெரியலாம். மருந்தே இல்லாத இடத்தில், எந்தப் பொருள் எதற்குப் பதிலாக நிற்கும் என்று தெரிந்தவருக்கு அது எவ்வளவு கைகொடுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

1938-இல் லண்டன் போய் அறுவை மருத்துவர்களின் உயர் தகுதியைப் பெற்றார். போர் வெடித்ததும் அங்கேயே, 1939 நவம்பரில், ஆஸ்திரேலிய ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். பாலஸ்தீனம், கிரீஸ், கிரீட், டோப்ருக் என்று போர் போன பக்கமெல்லாம் போனார். 1942 பிப்ரவரியில் அவருடைய பிரிவு ஜாவாவில் இறங்கியது. சிங்கப்பூர் விழுந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. மார்ச் மாதம் ஜாவாவும் சரணடைந்தது.

அப்போது அவர் பாண்டுங் நகரில் நேசநாட்டு மருத்துவமனை ஒன்றின் தலைவர். அதைக் கலைக்கச் சொல்லி ஜப்பானியர் உத்தரவிட்டபோது நடந்த ஒன்று ஆஸ்திரேலியாவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. பில் கிரிஃபித்ஸ் என்ற பிரிட்டிஷ் விமானப்படை வீரர் குண்டுவெடிப்பில் இரு கண்களையும் இரு கைகளையும் இழந்து அங்கே கிடந்தார். இந்த ஆளை வைத்திருந்து என்ன பயன் என்று துப்பாக்கி ஈட்டியோடு காவலர்கள் நெருங்க, டன்லப் குறுக்கே போய் நின்றார். அவர்கள் பின்வாங்கினார்கள். கிரிஃபித்ஸ் போருக்குப் பின்னும் நெடுங்காலம் வாழ்ந்து, 2012-இல்தான் இறந்தார்.

வீரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அவர் மதிப்பை அந்த ஒரு நிமிடத்தை வைத்து அளந்தால் மற்ற மூன்றரை வருடங்கள் மறைந்துபோகும். அந்த ஜாவாக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது, அதிகம் பேசப்படாத ஒன்று. சண்டைப் பிரிவு அதிகாரிகள் முகாமில் இருந்தும், ஆஸ்திரேலியக் கைதிகளுக்குத் தலைமை தாங்கும் பொறுப்பு மருத்துவரான இவரிடம் வந்தது. ராணுவ வழக்கத்தில் இது அபூர்வம். பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இங்கேதான்.

அந்த ரயில்பாதை எதற்காக?

பர்மாவில் இருந்த ஜப்பானியப் படைக்குக் கடல்வழியாகச் சரக்கு அனுப்புவது, 1942-இன் நடுவில் ஜப்பானியக் கடற்படை அடிவாங்கிய பிறகு ஆபத்தானது. எனவே தாய்லாந்தின் பான் போங்கையும் பர்மாவின் தன்பியூசயாட்டையும் இணைத்து, மலையும் காடுமான 415 கிலோமீட்டருக்கு ஒரு பாதை போடத் தீர்மானித்தார்கள். வேலை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. இயந்திரங்கள் செய்ய வேண்டியதை மனிதர்களின் கைகள் செய்தன.

டன்லப் தலைமையிலான, ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான ஆட்கள் 1943 ஜனவரியில் சிங்கப்பூர் வழியாகத் தாய்லாந்து போய்ச் சேர்ந்தார்கள். முதலில் கொன்யூ, பிறகு ஹின்டோக் மலைமுகாம். பாறையைக் குடைந்து வழி வெட்ட வேண்டிய மிக மோசமான பகுதி அது. அதே ஆண்டு பிப்ரவரிக்குப் பின் 'ஸ்பீடோ, ஸ்பீடோ' (சீக்கிரம், சீக்கிரம்) என்று காவலர்கள் விரட்டிய காலம் தொடங்கியது. வேலை நேரம் நீண்டது. மழைக்காலமும் கூடவே வந்தது. மழையோடு காலராவும் வந்தது.

முகாம் மருத்துவரின் வேலை: நான்கு முனைகள்

*1. பட்டியல்*

இதுதான் எல்லாவற்றிலும் கொடுமையானது. நாளைக்கு இத்தனை ஆள் வேண்டும் என்று ஜப்பானியப் பொறியாளர்கள் எண்ணிக்கை சொல்லிவிடுவார்கள். முகாமில் அத்தனை நலமான ஆள் இருக்க மாட்டார்கள். நோயாளிகளை வரிசையாக நிறுத்தி, இவன் போகலாம், இவன் போகக்கூடாது என்று மருத்துவர் பிரிக்க வேண்டும். நோயாளியைக் காப்பாற்ற வேண்டியவரே, நோயாளிகளுக்குள் யார் வேலைக்குப் போய்த் தாங்குவான் என்று தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை. ஒருவனைப் படுக்கவைத்தால் அவனைவிடச் சற்றே நலமான இன்னொருவன் போயாக வேண்டும்.

மருத்துவர் மறுத்துவிட்டால்? காவலர்களே படுக்கைப் பக்கம் வந்து கண்ணில் பட்டவர்களை அடித்து இழுத்துப் போவார்கள். ஆகவே மறுப்பதைவிடப் பேரம் பேசுவதே பலன் தந்தது. ஆளுக்கு ஆள் வாதாடி, உட்கார்ந்து செய்யும் வேலை கேட்டு, சிலரை மறைத்து, கணக்கை இழுத்து இழுத்து டன்லப் சிலரை மீட்டார். அதற்காகப் பலமுறை அடியும் வாங்கினார். தலைமை அதிகாரியும் மருத்துவரும் ஒரே ஆளாக இருந்ததால், இந்தப் பேரத்தில் அவருக்குப் பின்னால் முகாம் முழுவதும் நின்றது.

*2. பணம்*

அதிகாரிகளாக இருந்த கைதிகளுக்கு ஜப்பானியர் சிறு சம்பளம் கொடுத்தார்கள். சாதாரணச் சிப்பாய்க்கு வேலை செய்த நாளுக்கு மட்டும் சில காசு. படுத்துவிட்டால் அதுவும் இல்லை, ரேஷனும் குறையும். அதாவது அதிகம் சாப்பிட வேண்டியவனுக்குத்தான் குறைவான சாப்பாடு. அதிகாரிகளின் சம்பளத்தில் பெரும்பங்கைப் பொது நிதியில் போடவைத்து, அதில் நோயாளிகளுக்கு வாத்து முட்டையும் பயறும் வாங்கினார் டன்லப். எல்லா அதிகாரிகளும் சிரித்த முகத்தோடு கொடுத்துவிடவில்லை. அவர் விடவில்லை.

முட்டையும் பயறும் இங்கே மருந்து என்றே கொள்ள வேண்டும். தவிடு நீக்கிய அரிசியை மட்டும் தின்றால் பி1 வைட்டமின் இல்லாமல் பெரிபெரி வரும்: கால் வீங்கும், நரம்பு தளரும், கடைசியில் இதயம் நிற்கும். முட்டை, பயறு, தவிடு, கீரை ஏதாவது சேர்ந்தால் அது தள்ளிப்போகும். இந்தப் பொருட்களும் மருந்துகளும் முகாமுக்குள் வந்துசேரக் காரணமாக இருந்தவர்களில் ஒருவர் காஞ்சனபுரி வணிகர் பூன்போங். படகில் காய்கறி விற்பவராக வந்து, உயிரைப் பணயம் வைத்து மருந்தும் பணமும் கடத்தித் தந்தார்.

*3. தண்ணீரும் கழிப்பிடமும்*

காலராவில் ஆள் சாவது கிருமியால் நேராக அல்ல. உடலில் உள்ள நீரும் உப்பும் சில மணி நேரத்தில் வெளியேறிவிடுவதால். எனவே இரண்டு வேலை. ஒன்று, வராமல் தடுப்பது: கொதிக்காத தண்ணீரைத் தொடக்கூடாது, சாப்பாட்டுத் தட்டைக் கொதிநீரில் முக்க வேண்டும், ஆழமான கழிப்பிடக் குழி வெட்டி ஈ மொய்க்காமல் மூட வேண்டும். பகலெல்லாம் பாறை உடைத்துவிட்டு வந்தவனைக் குழி வெட்டச் சொல்ல உத்தரவு போடும் அதிகாரம் வேண்டும். ராணுவ மருத்துவரின் அந்த இரண்டாவது பதவி இங்கே உயிர் காத்தது.

இரண்டாவது, வந்தவருக்கு உப்புநீர் ஏற்றுவது. பழைய தகரத்தையும் குழாய்த் துண்டுகளையும் வைத்து வடிகலம் செய்து தண்ணீரைக் காய்ச்சி வடித்தார்கள். அதில் சமையல் உப்பைக் கரைத்தார்கள். ஸ்டெதஸ்கோப்பின் ரப்பர் குழாய், சீவிய மூங்கில், காலிப் புட்டி ஆகியவை கொண்டு அதை ரத்தக்குழாயில் ஏற்றினார்கள். இதைச் செய்தவர்கள் மருத்துவர்கள் மட்டும் அல்ல. கைதிகளுக்குள் தச்சர், கொல்லர், குழாய்வேலைக்காரர், வேதியியல் படித்தவர் என்று எல்லாரும் இருந்தார்கள். அவர்களைத் தேடிப்பிடித்து வேலையில் அமர்த்தியதில்தான் முகாமின் திறமை இருந்தது.

*4. கத்தி*

கடைசியாகத்தான் அறுவை. மூங்கில் கீறிய சின்னச் சிராய்ப்பு, சத்தில்லாத உடம்பில் ஆறாமல் அழுகி எலும்பு வரை அரிக்கும். இதுதான் அந்தக் காடுகளின் புண். அழுகிய சதையைக் கூர்தீட்டிய கரண்டியால் சுரண்டி எடுப்பார்கள், பெரும்பாலும் மயக்க மருந்து இல்லாமல். அதுவும் பலிக்காவிட்டால் காலை எடுப்பார்கள். பிழைத்தவர்களுக்கு மூங்கிலிலும் மரத்திலும் செயற்கைக்கால் செய்து கொடுத்தார்கள். டன்லப் இப்படிப் பல அறுவைகளைச் செய்தார். 1943 அக்டோபருக்குப் பின் தர்சாவ், சுங்கை, நகோன் பதோம் மருத்துவ முகாம்களில் இருந்தபோது இந்த வேலை இன்னும் கூடியது.

மருத்துவர் இல்லாத முகாம்கள்

இந்த ஏற்பாடுகளால் என்ன வித்தியாசம் வந்தது? அதை அளக்க ஒரு கொடூரமான ஒப்பீடு இருக்கிறது. அது நம் ஆட்கள் சம்பந்தப்பட்டது.

பாதையில் வேலை செய்த நேசநாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். இறந்தவர்கள் 12,000-க்கும் மேல், ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். அதே பாதையில் ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சம் அளவில் இருந்தார்கள்: தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர். அவர்களில் 90,000 பேர் அளவில் இறந்தார்கள் என்பது அதிகம் சொல்லப்படும் மதிப்பீடு. அதற்கு மேலும் சொல்வோர் உண்டு. ஒரே காடு, ஒரே மழை, ஒரே காலரா.

மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். போரால் ரப்பர் ஏற்றுமதி நின்று பட்டினியில் இருந்தவர்களிடம், சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டம் சேர்த்து அப்படியே ரயிலில் ஏற்றினார்கள். சிலர் மனைவி மக்களோடு போனார்கள். அவர்களுக்குப் பதவிநிலை இல்லை, பேரம் பேச அதிகாரி இல்லை. பொது நிதியோ, கழிப்பிடக் குழி வெட்டச் சொல்ல ஆளோ கிடையாது. காலரா வந்ததும் பயந்து ஓடியவர்கள் அதை அடுத்த முகாமுக்கும் கொண்டுபோனார்கள். 1943-இன் நடுவில்தான் சிங்கப்பூரிலிருந்து கைதி மருத்துவர்களைக் கொண்ட இரு சிறு குழுக்களை ஜப்பானியர் இந்தத் தொழிலாளர் முகாம்களுக்கு அனுப்பினார்கள். இரண்டும் சேர்ந்து 345 பேர். அவர்களில் ஆஸ்திரேலியர்களும் உண்டு. அவர்கள் பெயர் எந்த நாணயத்திலும் இல்லை.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். எல்லா வித்தியாசத்தையும் மருத்துவர் கணக்கில் எழுதிவிட முடியாது. 'எஃப்' படை என்ற 7,000 கைதிகளின் பிரிவில் நல்ல மருத்துவர்கள் இருந்தார்கள். ஆனாலும் 300 கிலோமீட்டர் நடக்கவைக்கப்பட்டு, பாதையின் மிகத் தொலைவான பகுதியில் காலராவுக்கு நடுவே விடப்பட்டதால் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். உணவும் வழியும் அடியோடு அறுந்துபோனால் எந்த ஏற்பாடும் ஓரளவுக்கு மேல் செல்லாது.

ஒருவருக்கு மட்டும் ஏன் புகழ்?

ஜப்பானியரிடம் பிடிபட்ட ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 100-க்கும் மேல். பர்மாப் பக்கம் ஆல்பர்ட் கோட்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட கால்களை எடுத்தவர்; மயக்க மருந்துக்குப் பதில், ஒரு டச்சு வேதியியலாளர் தயாரித்துத் தந்த கோக்கெய்ன் கரைசலை முதுகுத்தண்டில் செலுத்தியவர். அறுவைத் திறமை மட்டும் அளவுகோல் என்றால் கோட்ஸ் முன்னால் நிற்பார். சுங்கையில் கனடாக்காரர் ஜேக்கப் மார்க்கோவிட்ஸ், ரத்தத்தைக் கடைந்து உறைபொருளை நீக்கி ரத்தமேற்றும் முறையை முகாமிலேயே நடத்தினார்.

டன்லப் இவர்களுக்கெல்லாம் பொது முகமானதற்கு, கைதியான காலம் மட்டும் காரணம் அல்ல. திரும்பிவந்தபின் முன்னாள் கைதிகளின் உதவித்தொகைக்காகவும் சிகிச்சைக்காகவும் பல்லாண்டு வாதாடியவர் அவர். பழைய பட்டியல் வேலையின் தொடர்ச்சிதான் இது, எதிரே உட்கார்ந்திருந்தது மட்டும் சொந்த அரசாங்கம். மெல்பர்னில் புற்றுநோய் அறுவையில் பெயரெடுத்தார். கொழும்புத் திட்டத்தின் கீழ் 1956-இல் தாய்லாந்துக்கும் இலங்கைக்கும், 1960-களில் இந்தியாவுக்கும் மருத்துவ ஆலோசகராக வந்தார். 1969-இல் தென் வியட்நாமில் ஆஸ்திரேலிய அறுவைக் குழுவை நடத்தினார். அதே ஆண்டு சர் பட்டம். 1976-இல் 'ஆண்டின் ஆஸ்திரேலியர்'. பூன்போங் பெயரையும் தன் பெயரையும் சேர்த்துத் தொடங்கிய உதவித்தொகையில் தாய்லாந்து அறுவை மருத்துவர்கள் ஆஸ்திரேலியா போய்ப் பயிற்சி பெற்றார்கள். ஜப்பானியர்மீது வெறுப்பை வளர்க்க மறுத்தார். முன்னாள் கைதிகள் எல்லோருக்கும் அது பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது. 1993 ஜூலை 2 அன்று அவர் இறந்தபோது அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு நடந்தது. மெல்பர்ன் தெருக்களில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள். அஸ்தியில் ஒரு பகுதி ரயில்பாதைக்கே போனது.

நாட்குறிப்பு

முகாமில் அவர் ரகசியமாக நாட்குறிப்பு எழுதிவந்தார். கண்டுபிடிக்கப்பட்டால் தலை போகும். 1986-இல் அது புத்தகமாக வந்தது. உருக்கமான பகுதிகளைத் தேடிப் படிப்பவருக்கு அது சற்று ஏமாற்றம் தரலாம், ஏனென்றால் பக்கம் பக்கமாக எண்கள்: இன்று எத்தனை பேர் வேலைக்கு, எத்தனை பேர் படுக்கையில், என்ன நோய், நிதியில் எவ்வளவு, முட்டை எத்தனை. ஆய்வாளர்களுக்குப் பயன்படுவதும் இந்த எண்கள்தான். போர்க்கைதிகளில் எத்தனை பேர், எங்கே, எதனால் இறந்தார்கள் என்று இன்று ஓரளவு துல்லியமாகச் சொல்ல முடிவதற்கு இதுபோல மருத்துவர்களும் அதிகாரிகளும் மறைத்து வைத்த கணக்குகளே காரணம். காஞ்சனபுரி, சுங்கை, தன்பியூசயாட் கல்லறைத் தோட்டங்களில் பெயர் பொறித்த கற்கள் நிற்பதும் அதனால்தான். தோட்டத் தொழிலாளர் முகாம்களில் அப்படி யாரும் பெயரெழுதி வைக்கவில்லை. அங்கே இறந்தவர்களின் எண்ணிக்கை ஒவ்வொரு புத்தகத்திலும் பத்தாயிரக்கணக்கில் மாறிக்கொண்டே இருக்கிறது.